சித்தாள் கைக்கு வராத கரணை

அரசுப் பணத்தில் எழும் கட்டிடங்களில் பெண்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள், சுமப்பவர்களாக. இப்போது சுமப்பதற்கும் இயந்திரம் வந்துவிட்டது.

ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால் முதலில் சுருட்டப்பள்ளி, அடுத்து நாகலாபுரம், பிறகு பிச்சாட்டூர், புத்தூர், திருப்பதி. சென்னையிலிருந்து ஏழுமலையானைப் பார்க்கப் போகும் இந்தப் பழைய பாதையில் பெரும்பாலோர் இரண்டு இடங்களில் வண்டியை நிறுத்துவார்கள். சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவனுக்காக. நாகலாபுரத்தில் மச்சாவதார வேதநாராயணருக்காக. கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் நினைவாக ஏற்படுத்திய ஊர் இது என்பார்கள். ஒரு பெண்ணின் பெயரில் ஊரும் கோயிலும். அந்தக் கோயிலுக்கு மண்ணும் சுண்ணாம்பும் சுமந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டும் வழக்கம் மட்டும் எந்த ராஜ்யத்திலும் இருந்ததில்லை.

இந்த வட்டாரத்தில் எல்லைக்கோடு அடிக்கடி இடம் மாறியிருக்கிறது. 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. சித்தூர் மாவட்டத்தில் இருந்த நாகலாபுரம் 2022 ஏப்ரல் 4 முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் என்று வாழும் ஜனங்கள். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு காட்சி மாறவே மாறாது. பள்ளிக்கூடச் சுவரோ, சிறுபாலமோ, பஞ்சாயத்துக் கட்டிடமோ, எங்கே வேலை நடந்தாலும் தலையில் சும்மாடு கட்டி, புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட பெண்கள் கலவைச் சட்டி சுமந்துகொண்டிருப்பார்கள். சாரத்தின் மேல் கரணையோடு நிற்பவர் ஆணாக இருப்பார்.

கட்டுமானத் தொழிலில் பெண்களை எப்படிச் சேர்ப்பது என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் அரை நூற்றாண்டாகத் தலையைப் பிய்த்துக்கொள்கின்றன. நமக்கு அந்தக் கவலையே இல்லை. நம் பெண்கள் எப்போதோ சேர்ந்துவிட்டார்கள். முதல் படியில் சேர்ந்தவர்களை இரண்டாவது படிக்கு யாரும் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மொழியே சாட்சி. சிறு ஆள், அதாவது சிற்றாள், பேச்சில் சித்தாள் ஆனது. அவளோடு அதே தரையில் நின்று மண்வெட்டி பிடிக்கும் ஆண் கூலிக்குப் பெயர் பெரியாள். இருவரும் எடுபிடிகள்தான். ஆனாலும் ஒருவர் சிறிது, மற்றவர் பெரிது. மேலே நிற்பவர் கொத்தனார். சொல்லிலேயே மரியாதை விகுதி ஒட்டியிருக்கிறது. அதற்குப் பெண்பால் கிடையாது. கொத்தனாரம்மா என்று யாராவது சொன்னால் கொத்தனாரின் மனைவி என்றுதான் புரிந்துகொள்வோம். தெலுங்கில் கொத்தனாருக்குத் தாபி மேஸ்திரி என்று பெயர். தாபி என்றால் கரணை. மேஸ்திரி என்பது போர்ச்சுகீசியரின் 'மெஸ்த்ரே' நம் கடற்கரையில் இறங்கித் திரிந்த வடிவம். தெலுங்கு எழுத்தில் அந்தச் சொல்லின் கடைசியில் ஒரு 'ஸ்த்ரீ' அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட தற்செயல்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். சொல்லுக்குள் இருக்கும் ஸ்திரீ சாரத்தின் மேல் இல்லை.

அரசாங்கத் தாள்களில் சித்தாளுக்கு வேறொரு பெயர்: 'திறன் பெறாத தொழிலாளி'. ஒரு செங்கல் ஏறக்குறைய 3 கிலோ. பத்துப் பன்னிரண்டு கல்லைத் தலையில் அடுக்கிக்கொண்டு, கைப்பிடி இல்லாத சவுக்குச் சாரத்தின் சாய்வுப் பலகையில், ஒரு கையால் புடவையை ஒதுக்கியபடி ஏறுவதற்குத் திறன் தேவையில்லை என்று முடிவு செய்தவர் அந்தப் பலகையில் ஏறியிருக்க மாட்டார்.

கொத்தனார் பிறக்கும் விதம்

கொத்து வேலைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடம் உண்டு. ஆனால் ஊரில் வீடு கட்டும் கொத்தனார்களில் அங்கே படித்தவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பையன் பதினேழு, பதினெட்டு வயதில் மாமன் கூடவோ சித்தப்பா கூடவோ வேலைக்கு வருவான். முதல் சில மாதங்கள் சித்தாள் செய்யும் அதே வேலை: மணல் சலிப்பது, செங்கல் நனைப்பது, கலவை போடுவது. பிறகு ஒரு நாள் மத்தியானம் கொத்தனார் பீடி பற்ற வைத்துக்கொண்டு, கரணையை அவன் கையில் கொடுத்து, யார் கண்ணிலும் படாத பின்பக்கச் சுவரில் நாலு கல் வைக்கச் சொல்வார். கல் கோணினால் திட்டு விழும். பிரித்து மறுபடி வைக்க வேண்டும். கொஞ்ச நாளில் நூல் பிடிக்கவும், தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கவும், ரசமட்டத்தின் குமிழியை நடுவுக்குக் கொண்டுவரவும் வந்துவிடும். அப்போது அவன் 'அரைக் கொத்தனார்'. கூலியும் உயரும். இரண்டு மூன்று வருஷத்தில் முழுக் கொத்தனார். சாமர்த்தியம் இருந்தால் மேஸ்திரி, அதற்கு மேல் சின்ன காண்டிராக்டர்.

சித்தாளுக்கு அந்த மத்தியானம் வருவதே இல்லை. அவள் அந்த நேரத்தில் வேப்பமரத்துத் தூளியில் கிடக்கும் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். அல்லது சாயங்காலம் கொத்தனார் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிய பிறகு அவருடைய கரணையையும் மணியாசுக் கட்டையையும் கழுவி வைத்துக்கொண்டிருப்பாள். இருபது வருஷம் சித்தாளாக இருந்தவளுக்குக் கலவையின் பதம் கண்ணாலேயே தெரியும். சிமெண்ட் குறைந்தால் தெரியும், தண்ணீர் கூடினால் தெரியும், பூச்சு எந்த இடத்தில் உதிரும் என்பதும் தெரியும். கல் வைக்க மட்டும் தெரியாது, வைக்க விட்டதில்லை என்பதால்.

ஏன் என்று ஆண்களைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். புடவையோடு சாரம் ஏற முடியாது. (கலவைச் சட்டியோடு ஏறுகிறார்களே என்றால் அது வேறு.) மாதத்தில் சில நாள் ஆகாது. அஸ்திவாரம் போடும்போது, நிலைவாசல் வைக்கும்போது பெண் கை படக் கூடாது. வீட்டுக்காரர் ஒப்ப மாட்டார். பெண்கள் சொல்லும் காரணம் வேறு. எந்தக் கொத்தனாரிடம் கற்றுக்கொள்வது? அவர் அண்ணனா, மாமனா? அன்னிய ஆணிடம் வருஷக்கணக்கில் தொழில் கற்றால் ஊர் என்ன சொல்லும் என்பதும், அவர் என்ன கேட்பார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆண்களின் காரணங்களில் பெரும்பாலானவை விசாரித்தால் கரைந்துவிடும். பெண்கள் சொல்வது கரையாது.

கூலியில் இதன் விளைவு எளிமையானது. சித்தாளின் நாள் கூலி கொத்தனார் வாங்குவதில் ஏறக்குறைய பாதி. வாரத்துக்கு எத்தனை நாள் வேலை என்பதும் அவள் கையில் இல்லை. கொத்தனார் கூப்பிட்டால் உண்டு.

சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்தது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றது. கட்டிடத் தொழில் அந்தச் சட்டத்தை முறிக்கவே தேவையில்லாதபடி முன்பே தன்னை அமைத்துக்கொண்டிருந்தது. ஆண் செய்யும் வேலையைப் பெண்ணுக்குக் கொடுக்காவிட்டால் எதோடு எதை ஒப்பிடுவது?

சர்க்கார் கணக்கில் ஆணும் பெண்ணும்

தனியார் வீட்டுச் சுவரில் நடப்பதைத் தனி மனிதர்களின் பழக்கம் என்று விட்டுவிடலாம். அரசுப் பணத்தில் நடக்கும் வேலை அப்படியல்ல. தமிழகப் பொதுப்பணித்துறையின் பழைய மதிப்பீட்டுப் புத்தகங்களில் ஒரு கன மீட்டர் கட்டுவேலைக்கு எத்தனை கொத்தனார், எத்தனை ஆண் மஸ்தூர், எத்தனை பெண் மஸ்தூர் என்று தனித்தனி வரிகள் இருந்தன. இருவருக்கும் விகிதமும் வேறு. பின்னாளில் அவை 'மஸ்தூர் முதல் வகை', 'மஸ்தூர் இரண்டாம் வகை' என்று நாகரிகமாகின. முதல் வகை யார், இரண்டாம் வகை யார் என்று எந்த ஓவர்சியருக்கும் விளக்க வேண்டியதில்லை. கட்டிடம் எழும்புவதற்கு முன்பே, டெண்டர் போடுவதற்கும் முன்பே, மதிப்பீட்டில் பெண்ணின் இடம் குறிக்கப்பட்டுவிடுகிறது.

இந்த விஷயம் ஒரு முறை உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஸ்டேடியங்களும் மேம்பாலங்களும் அவசர அவசரமாக எழுந்தன. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா என்று பல மாநிலத் தொழிலாளர்களை ஜமேதார்கள் கூட்டி வந்தார்கள். மூன்று சமூக ஆய்வாளர்கள் வேலை இடங்களைப் பார்த்து எழுதிய அறிக்கையை வைத்து ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் நீதிபதி பகவதிக்குக் கடிதம் எழுதியது. அதுவே வழக்கானது. குறைந்தபட்சக் கூலி நாளுக்கு ரூ. 9.25. அதில் ஜமேதார் ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டார். பெண்களுக்கு 7 ரூபாய்தான் போய்ச் சேர்ந்தது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. காண்டிராக்டர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற வாதத்தை 1982 செப்டம்பர் 18ல் வந்த தீர்ப்பு ஏற்கவில்லை. வேலையைக் கொடுத்த அரசும் டெல்லி வளர்ச்சி ஆணையமும் பொறுப்பு என்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்றது. பெண்களின் 7 ரூபாயைக் கவனித்த நீதிமன்றத்தின் முன், அந்தப் பெண்கள் ஏன் ஒருவர் பாக்கியில்லாமல் மண் சுமப்பவர்களாகவே இருந்தார்கள் என்ற கேள்வியை யாரும் வைக்கவில்லை.

தமிழகத்தில் கட்டிடத் தொழிலாளர்கள் 1979 முதல் சங்கமாகத் திரண்டார்கள். அதில் முன்னின்றவர்களில் ஆர். கீதா போன்ற பெண்கள் இருந்தார்கள். 1985ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் தேசியப் பிரசாரக் குழு அமைந்தது. 1994ல் தமிழகம் கட்டிடத் தொழிலாளர் நல வாரியம் அமைத்தது. 1996ல் மத்தியச் சட்டமும், கட்டுமானச் செலவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை வரி வசூலிக்கும் சட்டமும் வந்தன. விபத்துக்கு இழப்பீடு, பிரசவ உதவி, பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் என்று கிடைத்தவை சின்ன விஷயங்களல்ல. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றும் 1996 சட்டம் சொன்னது. பேரேட்டில் பெண்களை 49ல் நிறுத்துவது கஷ்டமான கலையல்ல. காப்பகம் எவ்வளவு முக்கியம் என்பதை அரசுக்கு முன்பே ஒரு பெண் கண்டுகொண்டிருந்தார். 1969ல் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ராஜ்காட்டில் நடந்த கட்டுமானத்தில், புழுதியில் கிடந்த கைக்குழந்தைகளைப் பார்த்து மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கியதுதான் 'மொபைல் கிரெஷ்' அமைப்பு.

இந்தச் சட்டங்களெல்லாம் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டன. காப்பகத்துக்கான கணக்கு இப்போது 50 பெண்கள் அல்ல, ஆணோ பெண்ணோ 50 தொழிலாளர்கள். இது நல்ல திருத்தம். ஆனால் பழைய சட்டமானாலும் புதிய தொகுப்பானாலும் சித்தாளைச் சித்தாளாகவே வைத்துக்கொண்டுதான் பாதுகாக்கின்றன.

வந்தியின் வாரிசுகள்

தமிழில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய பொதுப்பணிக் கதை பிட்டுக்கு மண் சுமந்த கதைதான். வைகைக் கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்கு கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவிட்டான். வீட்டில் ஆளில்லாத கிழவி வந்தி, பிட்டையே கூலியாகப் பேசி ஒருவனை அமர்த்தினாள். வந்தவன் சிவன் என்பதால் மற்றதெல்லாம் மறந்துபோகிறது. வந்தியின் பங்கு கரை உண்டு, வந்தி மட்டும் ஆள் கணக்கில் வரவில்லை என்பதைப் புலவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று கணக்கு தலைகீழ். 2005ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் ஏரிக்கரையில் நின்றவர்கள் பெரும்பாலும் வந்திகளே. நாம் 'நூறு நாள் வேலை' என்றும், ஆந்திரக் கிராமங்கள் 'கருவு பனி', அதாவது பஞ்ச வேலை என்றும் அழைத்த திட்டம். தமிழகத்தில் அந்த வேலை நாட்களில் பத்தில் எட்டுக்கும் மேல் பெண்களுடையவை. ஆந்திரத்தில் பாதிக்கும் மேல். இயந்திரம் கூடாது, காண்டிராக்டர் கூடாது என்று அந்தச் சட்டத்தில் தடை இருந்தது. வெட்டிய மண்ணை மட்டும் அளந்தால் சுமந்தவளுக்குக் கூலி குறைகிறது என்று புகார் எழுந்தபோது, ஆந்திரம் வேலையையும் நேரத்தையும் நேரில் அளந்து பார்த்துத் தனியாக ஒரு விகிதப் பட்டியலே வகுத்தது. மண்ணைச் சுமப்பதும் அளவுக்குரிய வேலை என்று இந்த நாட்டில் ஓர் அரசு முறையாக ஒப்புக்கொண்ட அபூர்வ சந்தர்ப்பம் அது.

அதே திட்டத்தில் கல்கட்டு வேலை வந்தால் என்ன நடந்தது? செலவில் 60 சதவீதம் கூலிக்கு, 40 சதவீதம் வரை பொருளுக்கு என்று பங்கு. கொத்தனாரின் கூலி அந்தப் பொருள் கணக்கில்தான் வரும். சிமெண்ட், ஜல்லி, கம்பி, கொத்தனார். அதாவது, வேலை அட்டை வைத்திருக்கும் பெண்கள் ஒரு கணக்கு, கொத்தனார் வெளியிலிருந்து வாங்கும் சரக்கு. ஏரிக்கரையில் நிற்கும் நூறு பெண்களில் நாலு பேரைக் கொத்தனாராக்கினால் என்ன என்று யோசிக்க அந்த ஏட்டில் இடமே இல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் நூறை 125 நாளாக்கியிருக்கிறது. நாள் கூடியிருக்கிறது, சரி. வேலையின் தரம் கூடுமா என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் மண் வேலையே குறைந்துகொண்டு வருகிறது. தெலுங்கு நாட்டின் ஒட்டர்கள், தமிழில் மண் ஒட்டர் என்றும் கல் ஒட்டர் என்றும் அறியப்பட்டவர்கள், தென்னிந்தியாவின் ஏரிகளை வெட்டியவர்கள். புருஷன் வெட்டுவான், பெண்டாட்டி கூடையில் சுமப்பாள். கூலி ஜோடிக்கு. மகபூப்நகர் பக்கத்துப் 'பாலமூர் கூலி'களும் இப்படித்தான் மேஸ்திரியின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு நாடு முழுதும் அணைக்கும் கால்வாய்க்கும் போனார்கள். இந்த வட்டாரத்துச் சத்தியவேடு பக்கமாக ஊத்துக்கோட்டைக்கு வந்து, 1996ல் கிருஷ்ணா தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுவந்த தெலுங்கு கங்கைக் கால்வாயின் காலத்திலேயே மண்வாரி இயந்திரங்கள் களத்தில் இறங்கிவிட்டன. இன்று சித்தூரிலிருந்து தச்சூர் வரை நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆறு வழிச்சாலை இந்த எல்லைப் பகுதியை ஊடறுத்துப் போடப்படுகிறது. அதில் கூடைக்கு வேலையில்லை. ஜே.சி.பி. வெட்டுகிறது, டிப்பர் சுமக்கிறது. கட்டிடங்களிலும் இதே கதி. ரெடிமிக்ஸ் லாரி வந்து குழாய் வழியே நாலாவது மாடிக்குக் கான்கிரீட்டை ஏற்றிவிட்டால், சட்டி மாற்றும் இருபது பெண்களின் ஒரு நாள் கூலி ஒரு மணி நேரத்தில் போய்விடும். கொத்தனார் வேலைக்கு இயந்திரம் இன்னும் முழுசாக வரவில்லை. சித்தாள் வேலைக்கு வந்துவிட்டது. தலைச்சுமை போவது நல்லதுதான். கழுத்தெலும்பு தேய்ந்த பெண்களைக் கேட்டால் தெரியும். ஆனால் சுமையோடு சம்பளமும் போகிறதே.

பெரிய வேலைகளில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. மெட்ரோ ரயில், மேம்பாலம் போன்றவற்றில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்களை நிறுவனங்கள் கூட்டி வந்து தகரக் கொட்டகை முகாம்களில் தங்க வைக்கின்றன. மொழியால் பார்த்தால் இந்தியாவே அங்கே இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஆண்கள் மட்டுமே உள்ள இந்தியா. குடும்பத்தோடு இடம்பெயரும் கூலிகளின் நிலை இன்னும் மோசம். 2014 ஜூன் 28ல் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடித் தனியார் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, வடக்கு ஆந்திரத்தின் விஜயநகரம், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களிலிருந்து வந்த பலர் அதில் இருந்தார்கள்.

கழிப்பறையில் தொடங்கியது

பெண்ணால் சுவர் எழுப்ப முடியுமா என்ற விவாதத்துக்குக் கேரளம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1980களின் இறுதியில் நெதர்லாந்து, டென்மார்க் உதவியோடு நடந்த குடிநீர், சுகாதாரத் திட்டத்தில் கிராமங்களில் கழிப்பறை கட்ட வேண்டியிருந்தது. சின்ன வேலை என்று கொத்தனார்கள் வர மறுத்தார்கள், வந்தால் கூலி அதிகம் கேட்டார்கள். திருச்சூரில் திட்டத்தை நடத்தியவர்கள், அதுவரை 'மைக்காடு' வேலை, நம் கணக்கில் சித்தாள் வேலை, செய்துகொண்டிருந்த பெண்களையே பிடித்துக் கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். கழிப்பறையிலிருந்து வீட்டுக்கு நகர்ந்தார்கள். கோட்டயம் பக்கம் ஏற்றுமானூரில் திரேசியாம்மா மாத்யூ நடத்திய அர்ச்சனா மகளிர் மையம் கொத்து வேலையோடு தச்சு வேலையையும் சேர்த்துக்கொண்டது. திருச்சியில் கிராமாலயா அமைப்பும் கழிப்பறை வழியாகத்தான் பெண்கள் கையில் கரணையைக் கொடுத்தது.

தற்செயல் அல்ல இது. கழிப்பறை என்பது கௌரவமுள்ள கொத்தனார் வேண்டாமென்று விட்டுப்போன வேலை. ஆண்கள் காலி செய்த இடத்தில்தான் பெண்கள் நுழைய முடிந்தது. இதை யாரும் மெச்சிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நுழைந்தவர்கள் நுழைந்தவர்கள்தான்.

ஜார்க்கண்டில் இது பெரிய அளவில் நடந்தது. தூய்மை இந்தியா திட்டத்துக்கு 2019 அக்டோபர் 2 கெடு. கிராமத்துக்குக் கிராமம் கழிப்பறை கட்ட வேண்டும். கொத்தனார்களோ பிழைப்புத் தேடி வெளி மாநிலம் போயிருந்தார்கள், சிலர் நம் சென்னைக்கே. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து பெண்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். ராஜ்மிஸ்திரி என்ற சொல்லுக்குப் பெண்பாலாக 'ராணி மிஸ்திரி' என்ற பெயர் பிறந்தது. அங்கே ஒரு பெண்பால் சொல் கிடைத்துவிட்டதில் நமக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் என்று அரசு கணக்குச் சொன்னது. லாதேஹார் மாவட்டத்தின் சுனிதா தேவி 2019 மார்ச் 8ல் குடியரசுத் தலைவரிடம் நாரி சக்தி விருது வாங்கினார். அடுத்த ஆண்டு அதே விருது கான்பூரின் கலாவதி தேவிக்கு. சேரிப் பகுதிகளில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் எழக் காரணமாக இருந்த கொத்தனார் அவர்.

பயிற்சி மட்டும் இதைச் சாதிக்கவில்லை. சான்றிதழோடு வீட்டுக்குப் போய், மேஸ்திரி கூப்பிடாததால் மறுபடி சட்டி தூக்கப் போன பெண்கள் எல்லா மாநிலத்திலும் உண்டு. திருச்சூரிலும் ஜார்க்கண்டிலும் கற்றுக்கொடுத்தவர்கள் கையிலேயே வேலையும் இருந்தது. இத்தனை கழிப்பறை, இந்தக் குழுவுக்கு, இந்த விலை என்று வேலை உத்தரவே பெண்கள் பெயருக்கு வந்தது. நடுவில் மேஸ்திரி இல்லை. அதனால் பெண்ணைக் கொத்தனாராக ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் வரவில்லை. சுவர் நின்ற பிறகு ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வது?

அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே ஜனாதிபதி ஜான்சன் 1965ல் போட்ட நிர்வாக உத்தரவு 11246ன் கீழ், மத்திய அரசுப் பணம் வாங்கும் கட்டுமான காண்டிராக்டர்களுக்கு 1978ல் ஓர் இலக்கு வைத்தார்கள்: மொத்த வேலை நேரத்தில் பெண்களின் பங்கு 6.9 சதவீதத்தை எட்ட வேண்டும். பாஸ்டன் நகரம் 1983ல் தன் திட்டங்களுக்கு 10 சதவீதம் என்றது, 2017ல் அதை 12 ஆக்கியது. தலைகளை எண்ணாமல் நேரத்தை எண்ணியது புத்திசாலித்தனம். திறப்பு விழா அன்று நாலு பெண்களைக் கொண்டுவந்து போட்டோ பிடித்துக் கணக்குக் காட்ட முடியாது. இருந்தும் அந்த நாட்டின் கட்டுமானத் தொழில் வேலைகளில் பெண்கள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான். எட்டாவிட்டால் தண்டனை என்று பெரிதாக எதுவும் இல்லாததே முக்கியக் காரணம். அந்த 1965 உத்தரவையே 2025 ஜனவரியில் டிரம்ப் ரத்து செய்துவிட்டார். ஒரு கையெழுத்தில் வந்தது ஒரு கையெழுத்தில் போனது.

நம் டெண்டர் படிவங்களில் சிமெண்ட் எந்தத் தரம், கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் இருக்கும். கரணை பிடித்த நேரத்தில் பெண்களுக்கு எவ்வளவு என்ற வரி இருக்காது. அமெரிக்காவின் 6.9ஐ அப்படியே இங்கே கொண்டுவந்தால் காண்டிராக்டர்கள் சிரிப்பார்கள். சித்தாள்களையே கணக்குக் காட்டி இலக்கை ஐந்து மடங்கு தாண்டிவிடுவார்கள். இங்கே எண்ண வேண்டியது கொத்தனார் விகிதத்தில் கூலி வாங்கிய பெண்களின் நேரத்தை மட்டும்.

ஆந்திரத்தில் இதற்கான ஏற்பாடு ஏறக்குறைய தயாராகவே இருக்கிறது. நாகலாபுரம் மண்டலம் உட்பட எந்த மண்டலத்தை எடுத்தாலும் பொதுப்பு சங்கங்கள் எனப்படும் மகளிர் சேமிப்புக் குழுக்கள் இல்லாத கிராமம் அரிது. பக்கத்து நெல்லூர் மாவட்டத்தின் துபகுண்டாவில்தான் 1992ல் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்ற பெண்கள் சாராயக் கடையை மூடக் கிளம்பினார்கள், மறு ஆண்டு மாநிலமே சாராயத்தைத் தடை செய்தது. வரவு செலவு எழுதவும் வங்கியில் கடன் வாங்கி அடைக்கவும் தெரிந்த குழுக்கள் இவை. அங்கன்வாடிச் சுற்றுச்சுவரையோ பள்ளிக் கழிப்பறையையோ இவர்கள் பெயரில் வேலை உத்தரவாகக் கொடுக்க ஜார்க்கண்டைவிட இங்கே தடை குறைவு.

பயிற்சிக்கும் முன்மாதிரி இருக்கிறது. 2016ல் தொடங்கிய பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தோடு கிராமப்புறக் கொத்தனார் பயிற்சியும் வந்தது. வகுப்பறையில் அல்ல, பயனாளி ஒருவரின் உண்மையான வீட்டைக் கட்டியே 45 நாட்களில் கற்க வேண்டும். பெண்களும் கற்றார்கள். மத்தியானப் பீடி நேரத்தில் பையனுக்குக் கிடைக்கும் பாடம், அரசு ஏற்பாட்டில் அவர்களுக்கும் கிடைத்தது.

கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், ஒரு கண்டு நூல். ஒரு கொத்தனாரின் முதலீடு இவ்வளவுதான். சித்தாளின் சில நாள் கூலியில் அடங்கிவிடும். அடங்காதது அந்த 45 நாள். கற்றுக்கொள்ளும் நாட்களில் கூலி இல்லையென்றால் சனிக்கிழமை அரிசிக்கு வழியில்லாத வீடுகள் இவை. அந்த ஒன்றரை மாதக் கூலியை யார் தலையில் எழுதுவது என்பதற்கு மதிப்பீட்டுப் புத்தகத்தில் இன்னும் ஒரு வரி சேர வேண்டும்.